மூணு வாளிக்கு மூணு வாளி: ஒரு கோழிக்கடைத் தொட்டியோட சூட்டுக் கணக்கு

மலேசியாவுல ஊத்தான் மெலிந்தாங் பாசார் (சந்தை) பக்கத்துல என் மச்சான் கோழிக்கடை வெச்சிருக்காரு, உசுர்க்கோழிய அறுத்து, சுடுதண்ணியில முக்கி, மெஷின்ல இறகு எடுத்து வெட்டிக் குடுக்கற கடை. பழைய பலகைக் கடையில இருந்து புது கடை வரிசைக்கு மாறின பின்னாடி ஒரு பிரச்சன ஆரம்பிச்சுது. விடியக்காலையில எடுக்கற கோழி சுத்தமா அழகா வருது, பதினொன்னு மணிக்கு மேல எடுக்கற கோழி நெஞ்சுத் தோலு பிய்ஞ்சி, தொடைப் பக்கம் பாதி வெந்த மாதிரி வெள்ளையா ஆயி வருது, வாங்கறவங்க அத பாத்துட்டு பழைய கோழியான்னு கேக்கறாங்க. காலையில அறுத்ததும் மத்தியானம் அறுத்ததும் ஒரே லாரியில வந்த ஒரே பண்ணைக் கோழிதான்.

மொதல்ல மெஷின் மேலதான் சந்தேகம். உள்ள இருக்கற ரப்பர் விரலு கெட்டியாயிடுச்சுன்னு புதுசு மாத்தினாங்க, மாறல. அப்பொறம் கோழி குடுக்கறவரு மேல கோவம், அப்பொறம் வேலைக்கு புதுசா வந்த தம்பி ரொம்ப நேரம் முக்கறான்னு அவன் மேல கோவம். அவன் பாவம், செவுத்து கடிகாரத்த பாத்து பாத்து ஒரு நிமிஷம் எண்ணிதான் எடுக்கறான். தண்ணி மேல மட்டும் யாருக்கும் சந்தேகம் வரல, ஏன்னா தண்ணிக் கணக்கு மாறவே இல்ல, மச்சானோட அப்பா காலத்துல இருந்து மூணு வாளி கொதிதண்ணி மூணு வாளி பச்சத்தண்ணி, அவ்ளோதான். நான் பாமாயில் மில்லுல பாய்லர் ஓட்டறவன், எனக்கு மொதல்ல கண்ணுல பட்டதே அந்த வாளிக் கணக்குதான், அளவு மாறலன்னா சூடும் மாறலன்னு அர்த்தம் இல்லையே.

கோழிய ஏன் சுடுதண்ணியில போடறோம்னு ஒரு வார்த்த சொல்லிடறேன், ஏன்னா டிகிரி கணக்கு எதுக்கு இவ்ளோ முக்கியம்னு அதுலதான் இருக்கு. இறகோட அடிவேர புடிச்சிருக்கற புரதம் சூட்டுல தளரணும், அப்பதான் மெஷின்ல சுத்தும்போது லேசா கழண்டு வரும். பண்ணைக் கோழிக்கு 58ல இருந்து 62 டிகிரி வரைக்கும், முக்கால் நிமிஷத்துல இருந்து ஒரு நிமிஷம். அதுக்கு கீழ போனா செறகு, வாலு இறகு வராது, மேல போனா தோலு வெந்து மெஷின்ல கிழியும். 50ல இருந்து 53 டிகிரியில ரெண்டு நிமிஷம் வெக்கிறது இன்னொரு மொறை, அதுல தோலு மேல இருக்கற மஞ்சள் மெல்லிசுத் தோலு போவாம நிக்கும். ஆக நாம நடக்கற பாதையே நாலு டிகிரி அகலந்தான். (கோழிக்கு உசுரு முழுசா அடங்கி ரத்தம் வடிஞ்ச பின்னாடிதான் தண்ணியில விடணும், அவசரத்துல இதுல கை வெக்கவே கூடாது.)

இத்தன வருஷமா கடையில தெர்மாமீட்டரே கெடையாது. கை விரல டக்குனு முக்கி எடுத்து பாத்து "சரிலா" ன்னு சொல்றதுதான் பழக்கம். 60 டிகிரி தண்ணியில விரல அஞ்சு செகண்டு வெச்சாலே வெந்துடும், அப்படி இருக்க 60க்கும் 65க்கும் வித்தியாசம் விரலுக்கு எப்படி தெரியும், ரெண்டுமே சுடுதுன்னுதான் சொல்லும். அதனால மொத வேலையா சாப்பாட்டுக்கு குத்திப் பாக்கற தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கினோம், கொதிக்கற தண்ணியில வெச்சு 100 காட்டுதா, ஐஸ் கரையற தண்ணியில 0 காட்டுதான்னு சரி பாத்துட்டு வேலைய ஆரம்பிச்சோம். நம்ம ஊரு பெர்ணம் ஆத்தோரம், கடல் மட்டத்துல கெடக்கற தரை, அதனால இங்க 100லதான் கொதிக்கும்.

பழைய கடை இன்னும் ஸ்டோரா கெடக்கு. அங்கயே பழைய ஸ்டீல் தோங்க, அதான் கோழி முக்கற பெரிய தொட்டிய, எடுத்து வெச்சு, பழைய மாதிரியே பின்னாடி அடுப்புல பெரிய சட்டியில கொதிக்க வெச்சு, வாளியில மொண்டு தூக்கிட்டு வந்து ஊத்தி பாத்தோம். காகிதத்துல போட்டா கணக்கு சுலபம்: கொதிதண்ணி 100, பைப்பு தண்ணி 28, சரிக்கு சரி, ரெண்டுக்கும் நடுவுல 64. தோங்குல கலக்கி அளந்தா 59. அஞ்சு டிகிரி காணோம். மச்சான் உடனே "பாத்தியா, ஒன் கணக்கு இங்க எடுபடாது" ன்னாரு. எடுபடும், நாம சேக்காம விட்டத எல்லாம் சேத்தா எடுபடும்.

கலவைக் கணக்கோட அடிப்படை ஒண்ணே ஒண்ணு: சூடான பக்கம் எவ்ளோ சூட்ட எழக்குதோ அவ்ளோவயும் குளுந்த பக்கம் வாங்கிக்கும். ஒரு பக்கம் எழந்த சூடுன்னா அதோட எடை, அந்தப் பொருளு ஒரு கிலோவுக்கு ஒரு டிகிரி ஏற எவ்ளோ சூடு கேக்கும்ங்கற அளவு, எத்தன டிகிரி மாறுச்சு, இந்த மூணையும் பெருக்கணும். தண்ணிக்கு அந்த அளவு கிலோவுக்கு 4.19 கிலோஜூல், ஸ்டீலுக்கு சுமாரா 0.5 தான், தடி பிளாஸ்டிக்குக்கு 1.9 கிட்ட. தண்ணியோட தண்ணி கலக்கும்போது 4.19 ரெண்டு பக்கமும் அடிபட்டுப் போயிடும், அதனாலதான் வெறும் எடையும் டிகிரியும் வெச்சு கணக்கு முடியுது. 1740கள்ல செயின்ட் பீட்டர்ஸ்பர்க்ல இருந்த ரிச்மன்ங்கற விஞ்ஞானி இந்த கலவைக் கணக்க எழுதி வெச்சவரு, 1753ல இடி மின்னல வெச்சு பரிசோதன பண்ணும்போது மின்னல் தாக்கியே செத்துப் போனாரு. அவருக்கு அப்பொறம் கிளாஸ்கோவுல ஜோசப் பிளாக் 1760 வாக்குல டிகிரி வேற, சூட்டோட அளவு வேறன்னு தெளிவா பிரிச்சு காட்டினாரு. நம்ம தோங்கு விவகாரத்துக்கு அந்த ரெண்டாவது விஷயம்தான் சாவி.

இப்ப காணாம போன அஞ்சு டிகிரிய தேடுவோம். வாளியில ரொப்பறது 8 லிட்டர். ஆனா கொதிதண்ணி விரிஞ்சு கெடக்கும், 8 லிட்டர் கொதிதண்ணியோட எடை 7.7 கிலோதான், 8 லிட்டர் பச்சத்தண்ணி 8 கிலோவுக்கு ஒரு சொட்டு கம்மி. மூணு வாளிக்கு மூணு வாளின்னு சொன்னாலும் தராசுல வெச்சா 23 கிலோவுக்கு 23.9 கிலோ. இத சேத்தா 64 கொறஞ்சு 63.3 ஆவுது. அடுத்து, சட்டியில 100ஆ இருந்த தண்ணி அடுப்படியில இருந்து தோங்கு வரைக்கும் வாளியில வரும்போது ஆவி பறந்து, வாளியும் கொஞ்சம் உறிஞ்சி, ஊத்தற நேரத்துல 94தான் இருந்துச்சு. இதுதான் பெரிய திருடன், இத சேத்தா 60.4. அப்பொறம் தோங்கு. 9 கிலோ ஸ்டீல், 28 டிகிரியில சும்மா நிக்குது, அதுவும் சூடாவணும் இல்லையா, ஆனா 9 கிலோ ஸ்டீல் கேக்கற சூடு 1.1 கிலோ தண்ணி கேக்கற சூடுதான். அதையும் குளுந்த பக்கத்துல சேத்தா 59.6. அளந்தது 59. மிச்சம் அர டிகிரி ஊத்தும்போது ஆவியா போனது, இதுக்கு மேல நோண்ட தேவையில்ல.

ஆக மச்சானோட அப்பா காலத்து மூணுக்கு மூணு ஏன் வேல செஞ்சுது? காகிதத்துல 64 வர்ற அளவு, வழியில போறது போக 59, 60ல வந்து நின்னுச்சு, அது கோழிக்கு சரியான எடம். அந்த பெரியவரு தெர்மாமீட்டர் இல்லாம கோழிய பாத்து பாத்து அந்த அளவ கண்டுபுடிச்சிருக்காரு, நான் ரொம்ப மதிக்கற அறிவு அது. ஆனா அந்த அளவு அந்த அடுப்புக்கும் அந்த தூரத்துக்கும் அந்த தோங்குக்கும் அந்த தண்ணிக்கும் சேத்து போட்ட அளவு, வாளி எண்ணிக்கைய மட்டும் புது கடைக்கு தூக்கிட்டு வந்தா மிச்சம் எல்லாம் பழைய கடையிலயே நின்னுடுது.

புது கடையில என்னென்ன மாறிச்சுன்னு பாருங்க. சுடுதண்ணிக்கு மூடி போட்ட ஸ்டீல் பாய்லர், அடியில பைப்பு, தொட்டி அதுக்கு பக்கத்துலயே, அதனால தண்ணி 98ல நேரா உழுது, நடந்து வர்ற நாலு டிகிரி மிச்சம். தோங்கு போயி பிளாஸ்டிக் தொட்டி, 4 கிலோ இருக்கும், கணக்குக்கு 1.8 கிலோ தண்ணிக்கு சமம். பிளாஸ்டிக் லேசா இருக்கே ஸ்டீல விட கம்மியாதான் உறிஞ்சும்னு மச்சான் நெனச்சாரு, எடை பாதிக்கும் கம்மிதான், ஆனா கிலோவுக்கு கேக்கற சூடு நாலு மடங்கு கிட்ட, அதனால மொத்தத்துல ஸ்டீல் தோங்க விட கூடத்தான் உறிஞ்சுது. உடனே உறிஞ்சாது, மெதுவா ஒரு ரெண்டு மூணு நிமிஷத்துல. மூணாவது மாத்தந்தான் அசல் ஆளு. பழைய கடையில தண்ணி ரோட்டு பைப்புல இருந்து நேரா வரும், பூமிக்குள்ள ஓடி வர்ற தண்ணி, காலையிலயும் மத்தியானமும் 28தான். புது கடையில கூரை மேல கருப்பு டாங்கி, அதுல இருந்து வெயில்ல கெடக்கற பைப்பு. காலையில அஞ்சு மணிக்கு அந்த தண்ணி 27, பகல் பன்னெண்டு மணிக்கு அளந்தா 36. பச்சத்தண்ணின்னு பேரு, தொட்டு பாத்தா வெதுவெதுன்னு இருக்கு.

போட்டு பாப்போம். காலையில, 23 கிலோ 98ல, 23.9 கிலோ 27ல, தொட்டி 1.8 கிலோவா 27ல:
(23 × 98 + 25.7 × 27) ÷ 48.7 = 60.5

மத்தியானம், அதே வாளி, பச்சத்தண்ணியும் தொட்டியும் 36ல:
(23 × 98 + 25.7 × 36) ÷ 48.7 = 65.3

தெர்மாமீட்டர் காலையில 60 சொச்சம், மத்தியானம் 65 காட்டுச்சு. இப்ப தெரியுதா தோலு ஏன் மத்தியானம் மட்டும் கிழிஞ்சுதுன்னு. மெஷினும் இல்ல, பண்ணையும் இல்ல, அந்த தம்பியும் இல்ல. அவன கூப்ட்டு மச்சான் தோள்ல தட்டி "ஒன் மேல தப்பு இல்லடா" ன்னு சொன்னாரு, எனக்கு அது பெரிய நிம்மதி, ஏன்னா பயலு வேலைய விட்டு போயிடலாமான்னு இருந்தான்.

ஒரு விஷயம் இங்க கவனிக்கணும். பச்சத்தண்ணி 9 டிகிரி ஏறுனா கலவை 5 டிகிரி கிட்ட ஏறுது, சரிக்கு சரி கலக்கறதால அதுல பாதி இதுல வருது. நாம எப்பவும் சுடுதண்ணி கொதிச்சுதான்னுதான் பாப்போம், பச்சத்தண்ணிய யாரும் பாக்கறது இல்ல, ஆனா கலவையில ரெண்டுக்கும் ஏறக்கொறைய சம உரிம. கேமரன் மலையில தானா ராத்தா பக்கம் இதே வாளிக் கணக்க வெச்சா தலைகீழா போவும், அங்க 1,400 மீட்டருக்கு மேல, தண்ணி 95 சுமாருலயே கொதிச்சுடும், பைப்பு தண்ணி 20 டிகிரிக்கு பக்கம், காகிதத்துலயே 58 தாண்டாது, இறகு அசையாது.

அப்ப மத்தியானத்துக்கு எவ்ளோ ஊத்தணும்? வேணுங்கற சூடு 60. சுடுதண்ணி 98ல இருந்து 60க்கு எறங்கணும், 38 டிகிரி. பச்சத்தண்ணி 36ல இருந்து 60க்கு ஏறணும், 24 டிகிரி. அப்ப சுடுதண்ணி 24 பங்கு, பச்சத்தண்ணி 38 பங்கு, எதிர்ப்பக்கத்து வித்தியாசந்தான் இந்தப் பக்கத்து பங்கு. பள்ளிக்கூடத்து பிள்ளைங்க இத ஒரு தடவ புரிஞ்சுகிட்டா போதும், ஃபார்ம் 4 ஃபிசிக்ஸ்ல ஹீட் பாடத்துல பாதி கேள்விய சூத்திரத்த மனப்பாடம் பண்ணாமலே போட்டுடலாம். நம்ம தொட்டியில பிளாஸ்டிக்கையும் பச்சத்தண்ணிப் பக்கம் சேத்து பங்கு பிரிச்சா சுடுதண்ணி 19 கிலோ, பச்சத்தண்ணி 28 கிலோ. வாளியில சொன்னா ரெண்டர வாளிக்கு மூணர வாளி. ஊத்தி கலக்கி பாத்தோம், 60.

கலக்கி பாத்தோம்னு சொன்னேன் இல்ல, அத அழுத்தி சொல்லணும். சுடுதண்ணி லேசு, மேலயே நிக்கும். கலக்காம மேல குத்துனா 64 காட்டும், அடியில 55, ரெண்டுமே பொய் இல்ல, ஆனா ரெண்டுமே கலவையோட சூடு இல்ல. நீட்டு கரண்டியால அடியில இருந்து தூக்கி கலக்கி, நடுவுல குத்தி, நம்பரு நிக்கற வரைக்கும் பாக்கணும். ஊத்தற வரிசையும் பச்சத்தண்ணி மொதல்ல, சுடுதண்ணி பின்னாடி. முடிவுல வர்ற டிகிரி ஒண்ணுதான், ஆனா கொதிதண்ணி நெறஞ்ச தொட்டியில மேல இருந்து ஊத்துனா தெறிச்சு கை முகம் வெந்துடும்.

இது ஆரம்ப சூடு. வேல ஓட ஓட தண்ணி எறங்குது, அங்கயும் ஒரு குழப்பம் இருந்துச்சு. பத்து கோழி முக்கி எடுக்க பன்னெண்டு நிமிஷம் ஆவும், அதுக்குள்ள 60ல இருந்து 56க்கு வந்துடுது. கோழிதான் சூட்ட தின்னுதுன்னு எல்லாரும் சொன்னாங்க. கோழி இல்லாம, வெறும் தண்ணிய அதே பன்னெண்டு நிமிஷம் தெறந்து வெச்சு பாத்தோம், 58க்கு எறங்குச்சு. அப்ப பாதி கோழிக்கு, பாதி காத்துக்கு. காத்துக்கு போறதுல பெரும்பங்கு ஆவிதான், ஒரு கிலோ தண்ணி அந்த சூட்டுல ஆவியா போனா 2,360 கிலோஜூல் கிட்ட தூக்கிட்டு போவும், தொட்டியில ரெண்டு டிகிரி கொறைய 400 கிலோஜூல் போதும், அதனால ஒரு கயோங் (மொள்ளற குவளை) தண்ணி கூட ஆவியாவாம ரெண்டு டிகிரி போயிடுது, கண்ணுக்கு தெரியறதே இல்ல. கோழி எடுத்துக்கற பங்க பத்தால வகுத்தா ஒரு கோழிக்கு 40 கிலோஜூல். கோழி ஒடம்பே 41 டிகிரி வாக்குல இருக்கறது, அறுத்த ஒடனே முக்கறோம், ஒரு நிமிஷத்துல தோலும் இறகும்தான் சூடாவுது, உள்ள இருக்கற கறிக்கு எட்டறதே இல்ல, எட்டவும் கூடாது.

இன்னொன்னு, ஒவ்வொரு கோழியும் இறகுல கால் லிட்டர் சுமாருக்கு தண்ணிய தூக்கிட்டு போவுது. அதனால தண்ணி ஆறுதுன்னு தம்பி சொன்னான். ஆறாது. 58 டிகிரி தண்ணியில ஒரு பங்க எடுத்துட்டா மிச்சம் இருக்கறது 58லயேதான் இருக்கும். சூட்டோட மொத்த அளவு கொறையுது, டிகிரி கொறையல. ஆனா தண்ணி கொறஞ்சதால அடுத்த கோழி அதே 40 கிலோஜூல் எடுக்கும்போது டிகிரி கொஞ்சம் வேகமா எறங்கும், அந்த அளவுக்கு அவன் சொன்னதுலயும் நியாயம் இருக்கு.

மேல ஊத்தற கணக்கு இப்ப சுலபம். பத்து கோழிக்கு அப்பொறம் தொட்டியில தண்ணியும் பிளாஸ்டிக்கும் சேத்து 46 கிலோவுக்கு சமம், 56ல நிக்குது, 60க்கு ஏத்தணும்: 46 × 4 = 184. ஊத்தற தண்ணி 98ல இருந்து 60க்கு எறங்குது: 38. 184 ÷ 38 = 4.8 கிலோ, அஞ்சு லிட்டர்னு வெச்சுக்கலாம். முன்ன ஒரு வாளி முழுசா ஊத்துவாங்க, அது 62க்கு கொண்டு போயி நிறுத்தும், ஓரத்துல நிக்கற அளவு, காலையில பரவால்ல, ஏற்கனவே 65ல ஆரம்பிச்ச மத்தியானத் தொட்டியில ஊத்துனா சொல்லவே வேணாம். இப்ப 5 லிட்டர் பால் கேன் ஒண்ணு பாய்லர் பக்கத்துல தொங்குது. கோழிக்கு கோழி நடுவுல தொட்டிய மூட பலகை ஒண்ணும் செஞ்சாச்சு, காத்துக்கு போறதுல நல்ல பங்கு மிச்சம், பாய்லர் பத்த வெக்கிற நேரமும் கொறஞ்சிருக்கு. தண்ணி அழுக்கானா மொத்தமா மாத்தணும், 60 டிகிரி தண்ணி தானா சுத்தமாயிடும்னு யாரும் நெனக்க வேணாம்.

டாங்கிய வெள்ளை அடிக்கலாம், கூரை நெழல் போடலாம்னு பேச்சு வந்துச்சு, நான் வேணாம்னேன். சும்மா வெயில் குடுக்கற சூடு அது, பாய்லருக்கு தண்ணி ரொப்பறதும் அதே டாங்கிதான், 27ல இருந்து கொதிக்க வெக்கிறத விட 36ல இருந்து கொதிக்க வெச்சா லிட்டருக்கு 38 கிலோஜூல் காஸ் மிச்சம், மத்தியானம் சுடுதண்ணியும் அர வாளி கம்மியா போதும். சூட்ட தொரத்தறத விட கணக்க மாத்திக்கலாம்.

செவுத்துல இப்ப ஒரு அட்டை, பச்சத்தண்ணி டிகிரி ஒரு பக்கம், வாளி அளவு ஒரு பக்கம். தம்பி மொதல்ல பச்சத்தண்ணிய குத்தி பாக்கறான், அப்பொறந்தான் ஊத்தறான். அட்டையில கடைசியா ஏறுனது கம்போங் கோழிக்கு, அதான் நாட்டுக்கோழிக்கு, உண்டான வரி. கம்போங் கோழி வாங்க வர்ற பாட்டிங்களுக்கு தோலு மஞ்சளா இருக்கணும், 60ல முக்குனா அந்த மஞ்சள் உரிஞ்சு போயிடும், அதனால 53, ரெண்டு நிமிஷம். மத்தியானத் தண்ணிக்கு ஒண்ணேமுக்கா வாளி சுடுதண்ணி, நாலேகால் வாளி பச்சத்தண்ணி. முட்டை போட்டு முடிச்ச கெழட்டுக் கோழிக்கு 53 பத்தாது, அது கம்போங் கோழி கூண்டுலயே இருந்தாலும் 60 தொட்டிக்குதான் போவணும், அந்த வரிய தம்பியே செவப்பு பேனாவுல எழுதி ஒட்டியிருக்கான்.